லீவு முடிந்து வந்தவர்

தரங்கம்பாடிக்கு நான் போனது கடல் பார்க்கத்தான். ஆனால் கடலைப் பார்த்ததைவிட ஒரு கல்லறையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கு ஐயரை அடக்கம் செய்திருக்கும் இடம் அது. அங்கே நின்றுகொண்டு, ஐயரை நினைப்பதை விட்டுவிட்டு எங்கள் ஊர் டாக்டரம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயரின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1706 ஜூலையில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அதிகாரிகளோடு சச்சரவு வந்து நான்கு மாதம் சிறையிருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இவ்வளவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். எனக்கு ருசிப்பது இதற்கு அடுத்த பகுதி. 1714-ஆம் ஆண்டுக் கடைசியில் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். போன இடத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ராஜாக்கள் பேட்டி கொடுத்தார்கள். கல்யாணமும் ஆயிற்று. லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. இத்தனைக்கும் பிறகு மனுஷர் அதே வருஷம் ஆகஸ்டில் மறுபடி இங்கே வந்து நிற்கிறார்!

ஏன் வந்தார்? கடமை, பக்தி என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அது போதாது. 1713-இல் அவர் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பியிருந்தார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது ரசிக்கவில்லை. வேரறுக்கப் போனவர் அதையே விவரித்து எழுதுவானேன் என்று எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். அது அச்சேறியது 1867-இல், அதுவும் நம் சென்னையில்! சொந்த ஊரார் கேட்க விரும்பாத விஷயம் ஒன்றை நெஞ்சு நிறையச் சுமந்துகொண்டு போகிறவன், அந்த ஊரில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? திரும்பி வந்த பிறகும் நிம்மதி இல்லை. கோபன்ஹேகனிலிருந்து கடிந்து எழுதிய கடிதங்கள் வந்தன. 1719 பிப்ரவரியில் காலமானார். வயது முப்பத்தாறுதான்.

எங்கள் டாக்டரம்மா சுவீடன் தேசத்தவர். ஆறு வருஷம் உழைத்தால் ஒரு வருஷம் லீவு. அப்படிப் போய்விட்டு 1961-இல் திரும்பினார். திரும்பிய மறுநாளே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு இளைத்திருந்தது, வெள்ளைத் தோல் இன்னும் வெளுத்திருந்தது.

“ஏன் டாக்டரம்மா, சொந்தக்காரங்களோட அங்கேயே இருந்திருக்கலாமே?” என்று அம்மா கேட்டாள்.

டாக்டரம்மாவின் தமிழ் எப்போதும் புத்தகத் தமிழ். “என் அக்காள் வீட்டில் சாப்பிடும்போது உப்பு வேண்டியிருந்தது. ‘உப்பு’ என்றே கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பாஷையில் அந்தச் சொல் எனக்குச் சட்டென்று வரவில்லை, அம்மா” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. மோரை எடுத்து வந்து வைத்தாள். பிறகு, தெரு முழுதும் பொத்தி வைத்திருந்ததைப் போட்டு உடைத்தாள்.

“வண்டிக்காரர் சம்சாரம் போயிட்டா. நீங்க இருந்திருந்தா பிழைச்சிருப்பா.”

பிரசவ வலி இரண்டு நாள். உங்கள் இடத்துக்கு வேறு டாக்டர் வருவார் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள், யாரும் வரவில்லை. மாயவரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொன்னார்கள். “டாக்டரம்மா இந்த மாசம் வந்துடுவாங்களாம்” என்று சொல்லிக்கொண்டே வீட்டோடு வைத்திருந்துவிட்டார்கள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது. அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. டாக்டரம்மா மோர்த் தம்ளரைக் கீழே வைத்ததும், அது சாய்ந்ததும், யாரும் அதை நிமிர்த்தாததும்தான் நினைவிருக்கிறது.

“எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே?”

“எழுதி என்ன ஆகப்போகுது? நீங்க கப்பலேறி வர்றதுக்குள்ள பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருக்கும்.”

இப்படியா ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்வது என்று அப்பா பிறகு கோபித்துக்கொண்டார். “சொல்லாம விட்டா அவங்க நம்மளை விருந்தாளியா நினைச்சுக்குவாங்க” என்றாள் அம்மா. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். எனக்கு நாவல் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான் என்று எண்ணிக்கொள்வதுண்டு.

கடல் கடந்து வருகிறவர்களின் தியாகத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அவர்கள் லீவில் போகும்போது பின்னால் நின்றுவிடுகிற தெருவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஐயர் இல்லாத இரண்டு வருஷம் தரங்கம்பாடியில் அவரை எதிர்பார்த்தவர்கள் யார் யாரோ! சரித்திரப் புத்தகம் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை.

டாக்டரம்மா அன்று நேரே வண்டிக்காரர் வீட்டுக்குத்தான் போனார். உள்ளே விட்டார்களா, வாசலோடு அனுப்பினார்களா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த வருஷமே அந்த வீட்டு மூத்த பெண்ணை வேலூருக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். செலவு யாருடையது என்று ஊர் குடைந்து பார்த்தது, பதில் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்து அவள் ஊரோடு வந்துவிட்டாள்.

என் கடைசித் தம்பி 1967-இல் பிறந்தான். குழந்தை குறுக்கே கிடந்து இரவு முழுதும் படாத பாடு. பிரசவம் பார்த்தவள் அந்தப் பெண்தான். டாக்டரம்மா அப்போது லீவில் இருந்தார்.