கோட்டில் ஓர் இடைவெளி

போன வருடம் பாகான் டாலாமில் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பா மோட்டாரிலிருந்து விழுந்தார். விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்திவிட்டது. நெஞ்சுக்குள் சேர்ந்த காற்றை வெளியேற்ற, அக்குளுக்குக் கீழே குழாய் போட்டார்கள். மறுமுனை கட்டிலடியில் தண்ணீர் போத்தலில். குமிழி வந்துகொண்டே இருந்தது. “நல்லா வேலை செய்யுதும்மா” என்று அம்மாவைத் தேற்றினேன். எனக்கு என்ன தெரியும்!

மறுநாள் காலை அப்பாவின் கழுத்து வீங்கியிருந்தது. தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்றது. ஓடிப்போய் மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“அண்ணே, இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? குழாய் எங்க இருக்குன்னு படத்துல தெரியத்தான் இந்தக் கோடு. ஒரு இடத்துல விட்டுப்போயிருக்கு பாருங்க, அங்கதான் குழாயோட பக்கவாட்டு ஓட்டைகள்ல கடைசி ஓட்டை. அது விலாவுக்கு உள்ளே இருக்கணும்.”

அப்பாவுக்கு அது வெளியே, சதைக்குள் இருந்தது. புரண்டு படுத்ததில் குழாய் இழுபட்டிருக்கலாம். காற்று தோலுக்கடியில் புகுந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

“கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டா?” என்றேன். கூடாதாம், வெளியே கிடந்த பகுதியோடு கிருமியும் உள்ளே போய்விடும். பழையதை எடுத்துவிட்டு வேறு குழாய் போட்டார்கள். அப்பா முனகியதை நான் வெளியே நின்று கேட்டேன்.

மறுபடி எக்ஸ்ரே. இம்முறை டாக்டர் சொல்லுமுன் நானே அந்த இடைவெளியைத் தேடினேன். விலாவுக்கு உள்ளே இருந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.