தொட்டிலும் மின்சாரக் கம்பியும்

"தொட்டிலைச் சுவர் ஓரமாகக் கட்டாதே, உள்ளே கரண்டுக் கம்பி ஓடுகிறது. குழந்தைக்கு ஆகாது!" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியதுண்டா? பயப்படுமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்த சக்தி உண்டாவது வாஸ்தவந்தான். 1820-ல் கோபன்ஹேகன் நகரில் ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர் பாடம் நடத்துகையில், கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் பக்கத்திலிருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது. அதே ஆண்டில் பாரிஸில் பியோ, சவார் என்ற இருவர், நீண்ட கம்பியிலிருந்து தூரம் இரட்டித்தால் காந்த சக்தி பாதியாகும் என்று கண்டார்கள்.

கணக்கு இதுதான்: ஆம்பியரை மீட்டர் தூரத்தால் வகுங்கள், வந்ததை 5-ஆல் வகுங்கள். விடை மைக்ரோடெஸ்லா. இஸ்திரிப் பெட்டிக்குச் சுமார் 5 ஆம்பியர். ஒற்றைக் கம்பியானால், ஒரு மீட்டர் தள்ளி 1 மைக்ரோடெஸ்லா வரும்.

ஆனால் மின்சாரம் போனால் திரும்பவும் வேண்டுமே! போகும் கம்பியும் வரும் கம்பியும் ஜோடியாக ஓடுகின்றன. ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால், அந்த 1 மைக்ரோடெஸ்லாவில் மிஞ்சுவது 200-ல் ஒரு பங்கு! கம்பிகள் பிரிந்து ஓடினால்தான் காந்தம் கூடும்.

பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது: மேலுறை கிழிந்த ஒயர். அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. தொட்டிலை அப்புறம் நகர்த்தலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பாருங்கள், அம்மா!