நாவொலி காட்டும் வழி

நீரிழிவால் பார்வையிழந்த என் உம்மும்மாவுக்கு வெள்ளைப் பிரம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நாவால் 'டிக்' என்று ஒலி எழுப்பினால், அது சுவரில் பட்டுத் திரும்பும். பழகிய காது அந்த எதிரொலியில் சுவரையும் திறந்த கதவையும் பிரித்தறியும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. அதில் விழிப்புலனற்ற 12 பேரும் பார்வையுள்ள 14 பேரும் பத்து வாரங்கள் பயின்று முன்னேறினர்.

பார்வையுள்ளவருக்கும் இது கைகூடும் என்றால், விழிப்புலனற்றோருக்கு வழிகாட்டும் பயிற்றுவிப்பாளர்களே இதை முதலில் கற்க வேண்டும். தான் கேட்டறியாத எதிரொலியை ஒருவர் எப்படிக் கற்பிப்பார்?

கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் விறாந்தையில் நடந்து பார்த்தேன். சுவரை நெருங்க ஒலி மாறியது. நானும் பயிற்றுவிப்பாளராவேன், இன்ஷா அல்லாஹ். என் முதல் மாணவி உம்மும்மாதான்.