நாலு டம்ளரா, ஐந்து டம்ளரா?

புதுச்சேரியின் முதலியார்பேட்டை என்றதும், 1898-இல் தோன்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டு 2020-இல் கதவடைத்த ஏ.எஃப்.டி. பஞ்சாலையே முந்திய தலைமுறையினருக்கு ஞாபகம் வரும். அந்த ஆலையின் ஷிப்டு நேரங்களை அனுசரித்தே ஒரு காலத்தில் தங்கள் அடுப்பும் எரிந்தது என்று சொல்லும் ரொட்டிக்கடை ஒன்றுக்கு, கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில், அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் காணவேண்டும் என்ற ஆவலோடு சென்றிருந்தேன்.

பின்கட்டில் மாவு பிசைகிறவர்களை மேற்பார்க்கும் மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கு எல்லாம் எடைதான். நூறு பங்கு மைதாவுக்கு அறுபது பங்கு தண்ணீர், இரண்டு பங்கு உப்பு என்று, மாவையே ஆதாரமாகக் கொண்டு மற்றவற்றை நிர்ணயிக்கிற கணக்கு அவருக்கு மனப்பாடம். ஐம்பது கிலோ மூட்டையானாலும் ஐந்து கிலோவானாலும் விகிதம் பிசகுவதில்லை. தண்ணீரைக்கூட அவர் தராசில் வைத்தே ஊற்றுகிறார்.

இந்த எடைக்கணக்கு வீட்டு அடுப்படிக்குள் நுழையும்போதுதான் சிரமம் ஆரம்பமாகிறது. ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேர்ந்த விவிக்கம் கேக்கைப் புதுச்சேரிக் கிறிஸ்தவ இல்லங்களில் பண்டிகைக்கு விசேஷமாகச் செய்வார்கள். அன்று ஓர் அம்மாள் எவர்சில்வர் டம்ளரும் கையுமாக வந்து நின்றார்.

“அண்ணே, நீங்க கிராம்ல எழுதிக் குடுத்தது எனக்குச் சரிப்படாது. வீட்ல தராசு கிடையாது. விவிக்கத்துக்கும் பிளம் கேக்குக்கும் இதுல எத்தனைன்னு சொல்லிடுங்க.”

மாஸ்டர் பதில் சொல்லாமல் டம்ளரை வாங்கித் தராசில் வைத்து, முள்ளில்லாத அந்த நவீன யந்திரத்தை ‘ஜீரோ’ பண்ணி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார்: 200 கிராம். துடைத்துவிட்டுச் சர்க்கரை போட்டார்: 170. ரவை 140 காட்டிற்று. பிறகு மூட்டைக்குள் டம்ளரை அப்படியே விட்டு அமுக்கி அள்ளித் தலைதட்டியபோது மைதா 125 நின்றது. அதையே கொட்டிச் சலித்து, கரண்டியால் மெல்லத் தூவி, கத்தியின் முதுகால் வழித்தபோது 100-க்கு இறங்கிவிட்டது.

“பாத்தியாம்மா? அரை கிலோவுக்கு அப்படி அள்ளினா நாலு, இப்படித் தூவினா அஞ்சு. சலிக்கச் சொன்ன கணக்குக்கு அள்ளிப் போட்டா கேக்கு காஞ்சு வெடிச்சிடும்.”

நெல்லையும் அரிசியையும் உழக்கிலும் படியிலும் அளந்து வாழ்ந்த நமக்கு இது புதிதன்று. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று தீர்த்துக்கொண்ட பிறகே நம் முன்னோர் பேரத்தை முடித்தார்கள். 1958 அக்டோபரில் இந்தியாவில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கிய பின்னும், வீட்டு அடுப்படி டம்ளரைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் 1896-இல் வெளியான தம் சமையல் நூலில், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டியே அளக்கவேண்டும் என்று ஃபேனி ஃபார்மர் வற்புறுத்தியதும் இதே சங்கடத்தை உத்தேசித்துத்தான். அந்நாட்டுக் கோப்பை சுமார் 237 மில்லிலிட்டர். நம் கடைகளில் விற்கும் அளவுக் கோப்பைகளில் பல 250. ஒரு கப் இத்தனை கிராம் என்று அச்சிடும் பட்டியல்களை, எந்தக் கோப்பை என்று தெரிந்தால், சர்க்கரைக்கும் பாலுக்கும் தாராளமாக நம்பலாம். மைதாவைப் பொறுத்தவரை, எந்தக் கோப்பை, எப்படி நிரப்பியது என்று சொல்லாத பட்டியல் பிரயோஜனமற்றது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு எடைப் பக்தி கொண்ட மாஸ்டர், அந்த அம்மாளின் கேக்குக்குச் சமையல் சோடா சொல்லும்போது மட்டும் தயங்காமல், “அரை டீஸ்பூன், தலைதட்டி” என்றார். நான் சிரித்ததைப் பார்த்து, இரண்டு கிராமுக்கெல்லாம் இந்தத் தராசின் வாக்கை நம்பக்கூடாது, மூட்டை நிறுப்பதற்கு வந்தது அது என்று விளக்கினார். சிற்றளவுகளில் கரண்டியே தராசைவிட யோக்கியமானது என்ற இந்த நுணுக்கத்தை, எடையே உயர்வு என்று வாதிடுவோர் பலர் கவனிப்பதில்லை.

பழைய பிஸ்கட் அட்டை ஒன்றின் பின்புறத்தில் அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்க, அம்மாள் அதை மடித்துக்கொண்டே, “எங்க அக்காவும் கேட்டாங்க, இதையே குடுத்துடட்டுமா?” என்றார்.

“அவங்க டம்ளர் வேறயா இருக்குமேம்மா. அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு.”