பாரிஸ் காலையும் ஒரு சின்ன ‘ம’வும்

பாரிசின் வட பகுதியில், லா ஷப்பெல் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்சுக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், சேலைக் கடைகள், கூடையில் முருங்கைக்காய். போரினால் ஊரைவிட்டு வந்த ஈழத்தமிழர்கள் கடை கடையாக உருவாக்கிய பகுதி இது. விடுமுறைக்குப் போன நான், தோழியின் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கினேன்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள் நான். ஊர் தூங்கும்போது எழுந்து ‘காலை வணக்கம்’ சொல்வதுதான் பிழைப்பு. அதனாலேயே, போகிற ஊர் எப்படி விடிகிறது என்று பார்க்க ஆசை.

பாரிஸ் ரொட்டிக்கடையில் விடிகிறது. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் ரொட்டி கேட்பது மரியாதை இல்லை. சுடச்சுட பகெட் வாங்கியவர்கள் நுனியைப் பிய்த்துத் தின்றபடியே நடக்கிறார்கள். இந்த ரொட்டி செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய பண்பாட்டையும் யுனெஸ்கோ 2022இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காலை உணவுக்கு ‘பெத்தி தேஜெனே’ என்று பெயர். ‘தேஜெனே’ என்றால் முதலில் நோன்பை முறிப்பது. பிறகு அந்தச் சொல் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. காலைச் சாப்பாடு ‘சின்ன தேஜெனே’ ஆகிவிட்டது.

அக்கா வாரம் இரண்டு மாலை பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். அந்த வாரப் பாடம், ‘என் காலைப் பொழுது’. எந்தப் பிரெஞ்சுப் புத்தகத்திலும் தொடக்கத்திலேயே வரும் பாடம்தான். ‘ஜ ம ரெவெய்’ என்றால் நான் விழித்துக்கொள்கிறேன். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ‘ம’வுக்கு ‘என்னை’ என்று பொருள். அதை எடுத்துவிட்டு ‘ஜ ரெவெய்’ என்றால், யாரை என்ற கேள்வி வந்துவிடும். ‘ஜ ரெவெய் மோன் ஃபீஸ்’: மகனை எழுப்பிவிடுகிறேன்.

தமிழிலும் இது இருக்கிறதே என்று எனக்கு உறைத்தது. தலை வாரிக்கொண்டேன், தலை வாரிவிட்டேன். சட்டை போட்டுக்கொண்டேன், சட்டை போட்டுவிட்டேன். ‘கொள்’ என்றால் எனக்கு. ‘விடு’ என்றால் இன்னொருவருக்கு.

சமையலறை மேசையில் அக்கா தன் வீட்டுப்பாடத்தைப் பிரெஞ்சில் வாசித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்: “பிள்ளையளை எழுப்புறன். மகளுக்குத் தலை இழுத்து விடுறன். இவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறன். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வேலைக்கு ஓடுறன்.”

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ‘ம’கூட இல்லை. அந்தக் காலையில் அக்கா எல்லாருக்கும் எல்லாம் செய்கிறார். தனக்கென்று எதுவும் இல்லை.

ஆசிரியை நோட்டைத் திருப்பித் தந்தபோது, ‘ம’ வைத்து ஒரு வாக்கியமாவது சேர்க்கச் சொல்லியிருந்தார். அக்கா பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்துவிட்டு எழுதினார்: ‘ஞாயிற்றுக்கிழமை, ஜ ம ரெபோஸ்.’ நான் ஓய்வெடுத்துக்கொள்கிறேன்.

“உண்மையோ அக்கா?” என்றேன்.

“வீட்டுப்பாடத்துக்குத்தானே, தங்கச்சி!” என்று சிரித்தார். அடுப்பில் ஏதோ பொங்கியது, எழுந்து போய்விட்டார்.

நம் வீடுகளிலும் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. நாளைக் காலை எழுந்ததிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை செய்ததை ஒவ்வொருவரும் தமிழில் சொல்லுங்கள். யார் வாயில் ‘கொண்டேன்’ அதிகம், யார் வாயில் ‘விட்டேன்’ அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். ‘விட்டேன்’ மட்டுமே சொல்கிறவர் ஒருவர் இருந்தால், அவருடைய வேலைகளில் இரண்டை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மகள் தன் தலையைத் தானே வாரிக்கொள்வாள். அப்பா தேநீரைத் தானே கலக்கிக்கொள்வார். அம்மாவும் ஒருநாள் ஆறுதலாக உட்கார்ந்துகொள்வார்.