பழைய காருக்குப் புதிய விரிப்பு

தந்தையார் எமக்கு விட்டுச் சென்றது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். அதன் பின்பெட்டியில் கிடந்த றப்பர் விரிப்பு நைந்துபோகவே, புதியதொன்று வாங்கப் புறப்பட்டோம். கடையிலே கண்ட கம்பளத்தின் அழகில் மனம் மயங்கியது. ஆனால், அளவெடுக்கப் பழையதை உரித்து, பலகையையும் தூக்கியபோது திடுக்கிட்டோம்! மேலதிகச் சக்கரம் கிடக்கும் தட்டு துருவேறியிருந்தது. மூடியின் இடுக்கால் புகுந்த மழைநீர் உலர வழியின்றித் தேங்கியிருந்தது.

மாதந்தோறும் விரிப்பைத் தூக்கிக் காயவைப்பது தந்தையாரின் வழக்கம். அவருக்குப் பின், அழகுக்காக அதைப் பசையிட்டு ஒட்டியவர்கள் நாமே!

கம்பளம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஆகவே அது வேண்டாமென விட்டோம். துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, றப்பர் விரிப்பையே ஒட்டாமல் இட்டோம். மாதமொருமுறை அதைத் தூக்குவது இனி எமது கடமை.