இரண்டு சென்டிமீட்டர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், சுவிட்சர்லாந்தில் வாழும் தங்கை மகனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அகன்ற பனிச்சறுக்குப் பலகைகள் இரண்டை மேசையில் கிடத்தி, திருப்புளியுடன் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டை எங்கே பொருத்துவது என்பதுதான் சிக்கல்.

"நடுக்குறியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பின்னே தள்ளினால், மாமா, ஆழமான புதுப்பனியில் முனை அமிழாமல் மேலெழும். முன்னே வைத்தால் திருப்புவது இலகு. ஆனால் முனை புதையப் பார்க்கும்."

அந்தப் பூட்டு தண்டவாளத்தில் நகர்வது போல் நகர்ந்தது. புதிதாகத் துளையிட வேண்டியதில்லை. இடத்தை மாற்றி மாற்றிச் சறுக்கிப் பார்க்கலாம்.

எனக்கு ஹட்டன் தோட்டத்து லயமும் அம்மாவும் நினைவுக்கு வந்தனர். முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும்போது அம்மாவும் இதே பரிசோதனையைத்தான் செய்தார். கயிறு நெற்றிக்கு இறங்கினால் கழுத்து பின்னுக்கு இழுபடும். உச்சிக்குச் சற்று முன்னே நின்றால் பாரம் முதுகெலும்பின் வழியே இறங்கும். துணியை மடித்து வைத்து, விரலளவாக நகர்த்தி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

இவன் தவறினால் பனியில் விழுந்து சிரிப்பான். அம்மா தவறிய நாட்களில் இரவு முழுவதும் கழுத்து வலித்தது. தராசு கொழுந்தை நிறுத்தது. செக்ரோலில் கழுத்துக்கு நிரல் இல்லை.

சொன்னேன். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"பாட்டி எந்த இடத்தில் மாட்டுவாங்க, மாமா?"

என் தலையைத் தொட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு அங்கே முடி முளைத்ததேயில்லை.